எட்டாம் வகுப்பில் செத்துப்போன எஸ்தர்

நான் செத்துப்போன விஷயம் எனக்கு ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில்தான் தெரிந்தது. சொன்னது ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்.

எங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் வராந்தாவில், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் கைப்பை. பைக்குள் கம்பெனிக் கடிதம். காலையிலிருந்து அதை நான்கு தரம் எடுத்துப் படித்துவிட்டேன். ஐந்தாம் தரம் எடுக்கக் கூடாது என்று ஜிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே ஒரு வகுப்பறை பூட்டிக் கிடந்தது. இரண்டு பெண்கள் வந்து அதன் ஜன்னல் கட்டையில் ஒரு பேனாவை வைத்தார்கள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு பேனாவை எடுத்து ஆளுக்கொரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சும்மா இருக்க முடியாத வாய் எனக்கு. "இன்னாமா பண்றீங்க அங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மேக்ஸ் டெஸ்ட்டு ஆன்ட்டி. எஸ்தரக்காகிட்ட வேண்டிக்கினோம்."

"அது யாரு எஸ்தரக்கா?"

"இந்த கிளாஸ்ல படிச்சாங்களாம். எட்டாவது படிக்க சொல்லோ செத்துட்டாங்க. இன்னும் உள்ளதான் கீறாங்க. அட்டண்டன்ஸ் எடுத்தா உள்ளேன்னு கொரல் வருமாம்."

"கிணத்துல வியுந்துட்டாங்க," என்றாள் இன்னொருத்தி. "வெள்ளப் பாவாட கட்டிக்கினு வருவாங்க. வேண்டிக்க சொல்லோ அவங்க அப்பா பேரையும் சேத்துச் சொல்லணும். மோசஸ் பொண்ணு எஸ்தருன்னு முழுசா சொன்னாத்தான் மார்க்கு வரும்."

மோசஸ் மகள் எஸ்தர் நான்தான். எட்டாம் வகுப்பும் அந்த அறைதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைப் பாவாடை என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. கணக்கில் நான் கடைசியாக வாங்கிய மார்க் இருபத்து மூன்று. இவர்கள் போயும் போயும் என்னிடமா வேண்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நொடி, நான் வந்திருப்பதே வயதுச் சான்றிதழ் கேட்க என்பது நினைவுக்கு வந்தது. செத்தவளுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

கம்பெனி சொன்ன வயது

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் நாற்பது வருஷமாக வேலை செய்கிறேன். வண்டிகளுக்கான வாஷர்கள். அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவுவது என் வேலை. என் தலைமுடியை எத்தனை ஷாம்பு போட்டு அலசினாலும் ரப்பர் வாசனை போகாது.

கம்பெனிக் கணக்கில் எனக்கு ஐம்பத்தெட்டு வயது முடியப்போகிறது. மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் எனக்கு ஐம்பத்து நான்குதான்.

நான்கு வருஷம் என்றால் உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது வாசலுக்கு வந்து நிற்பதற்கே இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அவருக்கு மருந்தும் ஆஸ்பத்திரியும் என் கம்பெனி இ.எஸ்.ஐ. அட்டையில்தான் ஓடுகின்றன. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் படித்து முடித்து ஒரு வேலையில் உட்காரும்வரை நான் அந்தக் கேட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

பர்சனல் ஆபீசர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்கூல் ரெக்கார்டுல பிறந்த தேதி இருந்தா எடுத்துட்டு வாங்க மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தா மேல அனுப்பறேன். ஆனா ஒண்ணு. நீங்களே தப்பான வயசு கொடுத்துதான் சேர்ந்தீங்கன்னு தெரிஞ்சா நடவடிக்கைகூட எடுக்கலாம். யோசிச்சுக்கோங்க."

யோசித்து யோசித்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ரெக்கார்டு இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேலை போகும். ரெக்கார்டு கொடுத்தால் பொய் சொன்னவள் என்று நாளைக்கே போகலாம். ஆதார் அட்டையைக் காட்டலாம் என்றால் அதிலும் கம்பெனி வயசுதான், கம்பெனித் தாளைக் காட்டித்தானே அதையும் எடுத்தேன்.

பல்லைப் பார்த்த டாக்டர்

எப்படிப் பொய் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா, எங்களுக்கு நைனா, அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். எங்கள் பக்கத்து நிலமெல்லாம் கம்பெனியாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நெல் மூட்டை ஏற்றும்போது வண்டி சாய்ந்து நைனாவுக்குக் கால் உடைந்தது. அதே வாரம் காலனிக்குள் கம்பெனி வேன் வந்தது. பெண்கள் வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றார் மேஸ்திரி.

எனக்கு அப்போது பதினாலு. அம்மா தன் கல்யாணப் புடவையை எனக்குச் சுற்றிவிட்டாள். முதல் தரம் கட்டுகிற புடவை, அங்கங்கே ஊக்கு. முடியைக் கொண்டை போட்டு, இடுப்பில் துணி வைத்துக் கட்டினாள். வேனில் ஏறிப் பார்த்தால் பாதிப் பேர் என் மாதிரிதான், அம்மா புடவைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டில் ஒரு டாக்டர் இருந்தார். பிறந்த சான்றிதழ் யாரிடமும் கிடையாது. வாயைத் திற என்றார். டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். "பதினெட்டு" என்று எழுதினார். என் வயதை முடிவு செய்ய அவருக்குச் சுண்டைக்காய் நறுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. காலனியிலிருந்து கால்வாயைத் தாண்டி அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனது நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஐந்தோடு நின்றுவிட்டார்கள். அதனால் நான் போனது எங்கே என்று அங்கே சொல்வதற்கு ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம். நைனா போய்ச் சேர்ந்தும் வருஷம் பல ஆகிறது.

நாற்பது வருஷம் அந்தப் பள்ளிப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த வியாழக்கிழமைதான் கால்வாய்ப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

சிவப்பு மை

கட்டடம் அப்படியேதான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஆபீசாகக் கட்டியது என்பார்கள். செங்கல் வளைவுகள், முழங்கை அகலச் சுவர், தலைக்கு மேலே தேக்கு உத்திரம். உத்திரத்துக்கு மேல் புறா. பிள்ளைகள் இப்போது பக்கத்துப் புதுக் கட்டடத்தில் படிக்கிறார்கள். பழைய கட்டடத்தில் தலைமை ஆசிரியர் அறை மட்டும் நடக்கிறது. மற்ற அறைகளில் உடைந்த பெஞ்சும் பேயும்.

அந்தப் பேயாகிய நான் பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிடப்பட்டேன்.

தலைமை ஆசிரியர் ஐம்பது வயதுக்காரர், பழவேற்காட்டுப் பக்கம். விஷயத்தைச் சொன்னேன். பேர், நைனா பேர், ஏறக்குறைய எந்த வருஷம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு பீரோவிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்தார். பைண்டு கழன்று, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அவர் பக்கங்களைப் புரட்டினார். பூச்சி என் வரியைத் தின்றிருந்தால் என்ன செய்வது என்று கர்த்தரைக் கூப்பிட்டேன்.

வரி இருந்தது. பிறந்த தேதியும் இருந்தது. அது நிஜத் தேதியா என்று கேட்காதீர்கள், எங்கள் காலத்தில் தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொட்டால் ஐந்து வயது. எல்லாருக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தேதி. ஆனாலும் வருஷம் சரியாக இருந்தது.

அவர் விரல் அந்த வரியிலேயே நகர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"நீங்கதான் எஸ்தரா?"

"ஆமாங்க சார்."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். குறிப்பு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இறப்பு. தந்தை வாய்மொழி.'

நான் எதிர்பார்த்தது என்னென்னவோ. பேர் இருக்காது, பக்கம் கிழிந்திருக்கும், தேதி தப்பாக இருக்கும். நைனா வாயால் நான் செத்திருப்பேன் என்று நினைக்கவில்லை. பெற்ற மகளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்ல எப்படி வாய் வந்தது அந்த மனுஷனுக்கு? கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. கல்லறையில் இருக்கிற ஆளிடம் போய்ச் சண்டையா போட முடியும்?

"இதை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா சான்றிதழ் தரது," என்றார் அவர். குரலில் வருத்தம்தான் இருந்தது. "நீங்கதான் அந்தப் பொண்ணுன்னு சொல்றதுக்கு யாராவது வேணும். அப்போ இருந்த வாத்தியார், கூடப் படிச்சவங்க, யாராவது."

"சகுந்தலா டீச்சர் இருந்தாங்க," என்றேன். "உயிரோட கீறாங்களோ இல்லியோ." பயத்தில் எனக்குச் சின்ன வயசுப் பேச்சு வந்துவிட்டது.

மூன்று தரம் வந்தவர்

சகுந்தலா டீச்சருக்கு எண்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கொடியேற்றும் நாளில் தவறாமல் வந்துவிடுவாராம். தலைமை ஆசிரியர் செல்போனில் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"டீச்சர், மோசஸ் பொண்ணு எஸ்தர்னு ஒருத்தங்க வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு டீச்சர் சொன்னார்: "வந்துட்டாளா. இருக்கச் சொல்லுங்க. ஆட்டோ புடிச்சி வரேன்."

தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வந்ததுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்றால்? வயதானவர், வேறு ஏதாவது எஸ்தரை நினைத்துக்கொண்டு வருகிறாரோ? கால்மணி நேரத்தில் எனக்கு நாலு தரம் தாகம் எடுத்தது.

டீச்சர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார்.

"கால் இருக்குது சார். பேய் இல்ல," என்றார் தலைமை ஆசிரியரிடம்.

அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்துத் திருப்பி, கத்தி போட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"உங்க ஊட்டு வாசல்ல என்ன மரம் இருந்துச்சு, சொல்லு."

திக்கென்றது. பரீட்சை வைக்கிறார். "மரம் இல்ல டீச்சர். முள்ளு வேலிதான்."

"ஆமா, முள்ளு வேலிதான். சார், நான் இவளைத் தேடிக்கினு மூணு தரம் இவங்க ஊட்டுக்குப் போனேன். ரெண்டு தரம் இவங்கப்பா, ஊருக்குப் போயிருக்கறான்னார். மூணாவது தரம், மஞ்சக்காமாலையில செத்துட்டா டீச்சர், இனிமே வராதீங்கன்னுட்டார். தரையைப் பாத்துக்கினுதான் சொன்னார். அந்த முள்ளு வேலி மேல கம்பெனி நீலக் கோட்டு ஒண்ணு ஈரமா காஞ்சிக்கினு இருந்தது. கை ரெண்டையும் உள்ள மடிச்சித் தெச்சிருந்தாங்க. பெரிய மனுஷி போடற கோட்டுக்கு எதுக்குக் கையை மடிச்சித் தைக்கணும்?"

"அப்போவே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அப்போ ஏன் டீச்சர் சொல்லல?" கேட்டேனே தவிர, சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேனா, சொல்லாமல் இருந்தது நல்லது என்று கேட்டேனா, எனக்கே தெரியவில்லை.

"சொன்னா உன் வேலை போயிருக்கும். உங்கப்பா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கினு உக்காந்திருந்தாரு. அடுப்புல பூனை படுத்திருந்தது. நான் பாத்துட்டுதானே வந்தேன்." டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆபீசுல சொல்லியாகணுமே, அவர் சொன்னதைச் சொன்னேன். அப்போ இருந்த ஹெட்மாஸ்டர் இறப்புன்னு எழுதிட்டாரு. என் அட்டண்டன்சுல மட்டும் நான் உன் பேரை அடிக்கல. வருஷக் கடைசி வரைக்கும் தினம் கூப்ட்டேன். பிள்ளைங்க பயந்துக்கிச்சிங்க. செத்தவ பேரை டீச்சர் கூப்பிடறாங்க, அவ பதில் சொல்றா போலன்னு கெளப்பி விட்டுட்டாங்க."

"எதுக்குக் கூப்ட்டீங்க டீச்சர்?"

"திரும்பி வந்தா பேர் இருக்கணுமில்ல."

எனக்கு ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. நான் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனதும் நைனா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் தலைமேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார். பண்ணிக்கொண்டே இருந்தார். பசிக்குது நைனா என்று நான்தான் கையை எடுத்துவிட்டு எழுந்தேன். எதுக்கு இவ்வளவு நேரம் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார். அது டீச்சர் மூன்றாம் தரம் வந்துபோன நாளாகத்தான் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அறை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

காரணம் என்ற கட்டம்

தலைமை ஆசிரியர் தண்ணீர் கொடுத்தார். சிவப்பு மையைத் தன்னால் திருத்த முடியாது, கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். இப்போதைக்குப் பதிவேட்டின் நகலில் கீழே குறிப்பு எழுதி, டீச்சரின் சாட்சிக் கையெழுத்தோடு தருவதாகச் சொன்னார்.

எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "படிப்பை விட்ட காரணம் ஒண்ணு போடணும். குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடட்டுமா? எல்லாருக்கும் அதான் போடுவோம்."

நல்ல வார்த்தை. யாரையும் காட்டிக்கொடுக்காத வார்த்தை. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததை அவரும் நாற்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தவர்தான்.

"கம்பெனி வேலைக்குப் போனேன்னு எழுதுங்க சார்," என்றேன். "பதினாலு வயசுலன்னும் எழுதுங்க."

எழுதினார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பெரிய அரிச்சந்திரி. ஒரு வார்த்தையைச் சும்மா விட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்? பொய் சொன்னவள் என்று நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறேன். அன்று வீட்டுக்காரர் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன்பு பர்சனல் ஆபீசரிடம் தாளை நீட்டினேன்.

தேதியைப் பார்த்துத் தலையாட்டினார். கீழே இறங்கினார். காரணம் வந்த இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி படித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உட்காருங்க மேடம்," என்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. "இதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல சார்."

"பதினாலு வயசுல கம்பெனி வேலைன்னு இருக்கு. இதை ஃபைல்ல வச்சா, பதினாலு வயசுப் பொண்ணை நம்ம கம்பெனி வேலைக்கு வச்சதுன்னு ஆயிடும்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் என் குற்றம் என்றே சுமந்துகொண்டிருந்தேன். பல்லைப் பார்த்த டாக்டரும் மேஸ்திரியும் அந்தக் கேட்டும் என் நினைவில் இருந்தார்கள், ஆனால் குற்றத்தில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"வயசுல பிரச்சினை இருக்காது, நான் பேசி முடிச்சுத் தரேன்," என்றார் தணிந்த குரலில். "அந்தக் காரணத்தை மட்டும் மாத்தி வாங்கிட்டு வாங்க மேடம். குடும்பச் சூழ்நிலைன்னு. ஒரு வார்த்தைதானே."

"முடியாது சார்," என்றேன். "எங்க நைனா ஒரு தரம் மாத்திச் சொன்னாரு. அதுக்கே நான் நாப்பது வருஷம் பேயா இருந்துட்டேன்."